முகவரி மட்டும் மாறும்: ஒற்றைப் பக்கச் செயலிகளில் ரவுட்டர் சுமக்கும் வேலைகள்

ஒரு நூலகத்தின் இணையப் பட்டியலில் பொருளாதார நூல்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் உள்ள ஒரு நூலின் பெயரைச் சொடுக்குகிறோம். வழக்கமான இணையதளம் என்றால், அந்த ஒரே சொடுக்கில் உலாவி பல வேலைகளைத் தானாகவே முடித்துவிடுகிறது. சர்வரிடம் புதிய பக்கத்தைக் கேட்டு வாங்குகிறது; பழையதை அகற்றிவிட்டுப் புதியதை வரைகிறது; முகவரிப் பட்டியில் புதிய முகவரியைக் காட்டுகிறது; பின்செல் பொத்தானுக்காக வரலாற்றில் ஒரு பதிவைச் சேர்க்கிறது; தாவலின் தலைப்பை மாற்றுகிறது; திரையைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோகிறது; திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்குப் புதிய பக்கம் வந்துவிட்டதைத் தெரியப்படுத்துகிறது. தளத்தை உருவாக்கியவர் எழுதியதோ ஓர் இணைப்புக் குறிச்சொல் மட்டுமே.

ஒற்றைப் பக்கச் செயலியில் இந்த ஏற்பாடு குலைகிறது. அங்கே சர்வரிலிருந்து எச்டிஎம்எல் ஆவணம் ஒரே ஒருமுறைதான் வருகிறது. அதன் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தேவையான தரவை மட்டும் வரவழைத்து, திரையின் ஒரு பகுதியை மாற்றி எழுதுகிறது. இதற்காக இணைப்பின் மீதான சொடுக்கை இடைமறித்து, உலாவியின் இயல்பான செயலைத் தடுக்கிறோம். தடுத்த அந்தக் கணத்திலேயே, மேலே சொன்ன அத்தனை வேலைகளும் நம் தலையில் வந்து விழுகின்றன. அவற்றை ஏற்றுக்கொள்ளும் நிரல் பகுதிக்குத்தான் ரவுட்டர் என்று பெயர். தொடக்கப் பாடங்கள் பெரும்பாலும் ரவுட்டரை ஓர் அட்டவணையாகவே அறிமுகப்படுத்துகின்றன: இந்த முகவரி வந்தால் இந்தத் திரைப்பகுதியைக் காட்டு, அந்த முகவரி வந்தால் அந்தத் திரைப்பகுதியைக் காட்டு. அட்டவணை தேவைதான், ஆனால் அது மொத்த வேலையில் ஆகச் சிறிய பங்கு. உலாவி நமக்காகக் காப்பாற்றிவந்த வாக்குறுதிகளை நாம் எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்பதே பெரிய பங்கு.

இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இன்றைய கருவிகளின் வடிவம் புரியும். பக்கத்தை மீண்டும் ஏற்றாமலேயே சர்வரிடமிருந்து தரவு பெறும் வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியுடன் வந்தது. 2004-இல் ஜிமெயிலும் 2005-இல் கூகுள் மேப்ஸும் அதன் வலிமையைப் பரவலாகக் காட்டின. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். திரை மாறியது, ஆனால் முகவரி மாறவில்லை. பத்துத் திரைகளைக் கடந்து வந்தவர் பின்செல் பொத்தானை அழுத்தினால், முந்தைய திரைக்குப் போகாமல் செயலியை விட்டே வெளியேறினார். பார்த்துக்கொண்டிருந்த திரையின் முகவரியை நண்பருக்கு அனுப்பினால், அவருக்கு முகப்புப் பக்கம்தான் திறந்தது.

இதற்குக் கிடைத்த முதல் மருந்து முகவரியில் வரும் # குறி. அந்தக் குறிக்குப் பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. பக்கத்துக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவதற்காக ஏற்பட்ட பகுதி அது. ஆகவே அதை மாற்றினால் பக்கம் மீண்டும் ஏறாது, ஆனால் வரலாற்றில் பதிவு விழும். நிரலாளர்கள் இந்த இடுக்கைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தப் பகுதி மாறியதை அறிவிக்கும் ஹாஷ்சேஞ்ச் என்ற நிகழ்வு 2009-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் வரும்வரை, முகவரி மாறியிருக்கிறதா என்று சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்கும் நிரலைத்தான் எழுத வேண்டியிருந்தது.

தேடுபொறிகளுக்கு இந்த முகவரிகள் புரியவில்லை. அதற்காக # குறியை அடுத்து ஓர் ஆச்சரியக்குறியை வைக்கும் முறையைக் கூகுள் 2009-இல் முன்வைத்தது. டுவிட்டர் 2010-இல் அதைக் கைக்கொண்டது. 2011 பிப்ரவரியில் காக்கர் என்ற அமெரிக்க வலைப்பதிவு நிறுவனத்தின் தளங்கள் அதே முறைக்கு மாறிய சில நாட்களிலேயே, ஜாவாஸ்கிரிப்ட் ஏறாமல் போனதால் வெற்றுப் பக்கங்களாக நின்றன. உள்ளடக்கம் முழுவதும் ஜாவாஸ்கிரிப்டை நம்பி இருந்ததால், அது வராதபோது வாசகருக்கு ஒரு வரிகூட மிஞ்சவில்லை. 2012-இல் டுவிட்டர் அந்த முறையைக் கைவிட்டு, முதல் பக்கத்தைச் சர்வரிலேயே தயாரிக்கத் தொடங்கியது. முதல் பக்கம் ஏறும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. கூகுள் தன் பரிந்துரையை 2015 அக்டோபரில் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் உலகெங்கும் பகிரப்பட்டுவிட்ட அந்த முகவரிகள் அப்படியே இருந்தன. # குறிக்குப் பிந்தைய பகுதி சர்வரை எட்டாது என்பதால், பழைய முகவரியைப் புதிய முகவரிக்குச் சர்வரால் திருப்பிவிட முடியாது. முகப்புப் பக்கத்தில் அதற்கென்று ஒரு துண்டு ஜாவாஸ்கிரிப்டை என்றைக்கும் வைத்துக் காத்துவர வேண்டும். முகவரியின் வடிவத்தைத் தீர்மானிப்பது இரண்டு வாரம் கழித்து மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நிலையான தீர்வு எச்டிஎம்எல் 5 உடன் வந்த வரலாற்று இடைமுகம். குரோம் 5, சஃபாரி 5 ஆகியவை 2010-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 4 2011-இலும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 2012-இலும் அதை ஏற்றன. இதில் முக்கியமானவை மூன்று. புஷ்ஸ்டேட் என்ற அழைப்பு, பக்கத்தை ஏற்றாமலேயே முகவரியை மாற்றி வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கிறது. ரீப்ளேஸ்ஸ்டேட், புதிதாக எதையும் சேர்க்காமல் நடப்புப் பதிவையே மாற்றி எழுதுகிறது. பயனர் பின்செல் அல்லது முன்செல் பொத்தானை அழுத்தும்போது பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு எழுகிறது. வேறு தளத்தின் முகவரியைப் புஷ்ஸ்டேட் வழியாகக் காட்ட முடியாது; உலாவி அதைப் பாதுகாப்புப் பிழையாகக் கருதி மறுத்துவிடும்.

புதிதாகக் கற்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. புஷ்ஸ்டேட்டை நாமே அழைக்கும்போது பாப்ஸ்டேட் எழாது. முகவரி மாறுகிறது, திரை அசையாமல் நிற்கிறது. உடனே சொடுக்கைக் கையாளும் இடத்தில் திரையை வரையும் நிரலை எழுதுகிறார்கள். பின்செல் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் பாப்ஸ்டேட்டைக் கையாளும் இடத்தில் இன்னொரு முறை எழுதுகிறார்கள். முகவரியை நேரடியாகத் தட்டி வருபவருக்காகத் தொடக்கத்தில் மூன்றாம் முறை எழுதுகிறார்கள். ஒரே திரைக்கு மூன்று பிறப்பிடங்கள் உண்டாகிவிட்டால், சில வாரங்களில் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். நடப்பு முகவரியைப் படித்து அதற்குரிய திரையை வரையும் செயற்கூறு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். முதல் ஏற்றத்திலும், புஷ்ஸ்டேட்டுக்குப் பிறகும், பாப்ஸ்டேட்டின்போதும் அதையே அழைக்க வேண்டும். முகவரியிலிருந்து திரை பிறக்கிறது; திரையிலிருந்து முகவரி பிறப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் முதலில் முகவரி மாறட்டும், அதைப் பின்தொடர்ந்து திரை மாறட்டும். இந்த ஒரு திசையை விடாமல் பிடித்துக்கொண்டால் மற்றச் சிக்கல்களில் பாதி தோன்றுவதே இல்லை என்பது என் அனுபவம்.

முகவரியில் எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்வியும் இதிலிருந்தே தீர்கிறது. புஷ்ஸ்டேட்டுடன் சிறு தரவுப் பொருள் ஒன்றை இணைத்து அனுப்பலாம். பக்கத்தைப் புதுப்பித்தாலும் அது அழியாது. ஆனால் முகவரியைப் படியெடுத்து இன்னொருவருக்கு அனுப்பும்போது அது கூடவே போகாது. ஆகவே, திரையை மீண்டும் கட்டியெழுப்பத் தேவையான எதையும் அதில் ஒளித்துவைக்கக் கூடாது. நம் நூலகப் பட்டியலில் தேடுசொல், பிரிவு, வரிசைப்படுத்தும் முறை, எத்தனையாவது பக்கம் ஆகியவை முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னே இடம்பெற வேண்டியவை. ஒரு பட்டியல் விரிந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது அங்கே வேண்டாம். தேடல் பெட்டியில் தட்டத் தட்ட முகவரி மாற வேண்டுமானால் அதற்கு ரீப்ளேஸ்ஸ்டேட்டே பொருத்தம். புஷ்ஸ்டேட்டைப் போட்டுவிட்டால், ‘வேளாண்மை’ என்று தட்டியவர் பின்செல் பொத்தானை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை அழுத்தித்தான் வெளியே வர முடியும். குறுகிய நேரத்துக்குள் இவ்வழைப்புகளை மிதமிஞ்சிச் செய்தால் சஃபாரி பிழை எழுப்பவும் செய்யும்.

சொடுக்கை இடைமறிப்பதிலும் நிதானம் வேண்டும். ஒருவர் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சொடுக்கினால், இணைப்பைப் புதிய தாவலில் திறக்க விரும்புகிறார் என்று பொருள். மேக் கணினியில் அதுவே கமாண்ட் விசை. சுட்டியின் நடுப்பொத்தானால் சொடுக்குபவரும் அதையே கேட்கிறார். இணைப்பு வேறு தளத்துக்குப் போகலாம், கோப்பைப் பதிவிறக்கச் சொல்லலாம், புதிய சாளரத்தைக் குறிப்பிட்டிருக்கலாம். இவை அனைத்திலும் ரவுட்டர் ஒதுங்கி நின்று, வேலையை உலாவியிடமே விட்டுவிட வேண்டும். இவையெல்லாம் சாத்தியப்பட வேண்டுமானால் இணைப்பு உண்மையான இணைப்பாக, உண்மையான முகவரியுடன் இருக்க வேண்டும். வெறும் பெட்டி ஒன்றின் மீது சொடுக்கு நிகழ்வைக் கட்டிவைத்து இணைப்பு போலத் தோன்றச் செய்தால், அதைப் புதிய தாவலில் திறக்க முடியாது, முகவரியைப் படியெடுக்க முடியாது, விசைப்பலகையால் அதை அடையவும் முடியாது.

இனி சர்வர் பக்கம். இணைப்புகளைச் சொடுக்கிச் சொடுக்கி ‘/நூல்கள்/214’ என்ற முகவரிக்கு வந்தவர் பக்கத்தைப் புதுப்பிக்கிறார். உலாவி அந்த முகவரியை அப்படியே சர்வரிடம் கேட்கிறது. சர்வரில் அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இல்லை. இருப்பது ஒரே ஒரு முகப்புக் கோப்பு. விளைவு, ‘கேட்டது கிடைக்கவில்லை’ என்று சொல்லும் 404 பிழை. உருவாக்கும்போது சொந்தக் கணினியில் இது பெரும்பாலும் தெரிவதில்லை, ஏனெனில் உருவாக்கக் கருவிகளுடன் வரும் சிறிய சர்வர் இதைத் தானே கவனித்துக்கொள்கிறது. தீர்வு எளிது: கேட்ட கோப்பு இல்லையென்றால் முகப்புக் கோப்பைக் கொடு என்று சர்வருக்குச் சொல்ல வேண்டும். சர்வர் மென்பொருள்களான என்ஜின்எக்ஸில் டிரை-ஃபைல்ஸ் என்ற ஒரு வரியும் அப்பாச்சியில் ஃபால்பேக்-ரிசோர்ஸ் என்ற ஒரு வரியும் இதைச் செய்துவிடும்.

அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு வரும் பிழை ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆனது. முகப்பில் செயலி நன்றாகத் திறந்தது. ‘/நூல்கள்/214’ முகவரியில் புதுப்பித்தால் வெள்ளைத் திரை. உலாவியின் பிழைப் பலகையில், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் முதல் வரியிலேயே ‘<’ என்ற எதிர்பாராத குறி இருப்பதாக ஒரு செய்தி. கோப்பைத் திறந்து பார்த்தால் அப்படி எந்தக் குறியும் இல்லை. காரணம் இதுதான்: முகப்புக் கோப்பு தன் நிரல் கோப்பை, சாய்கோட்டில் தொடங்காத சார்பு முகவரியால் குறிப்பிட்டிருந்தது. உலாவி நடப்பு முகவரியை அடிப்படையாக வைத்து, ‘நூல்கள்’ என்ற அடைவுக்குள் அந்த நிரல் கோப்பைத் தேடியது. அப்படி ஒரு கோப்பு இல்லை. சர்வரோ, சொல்லிக்கொடுத்தபடி முகப்புக் கோப்பைத் தந்தது. ஜாவாஸ்கிரிப்டை எதிர்பார்த்த உலாவிக்கு எச்டிஎம்எல் கிடைத்தது. எச்டிஎம்எல்லின் முதல் குறி ‘<’. நிரல் கோப்புகளின் முகவரி எப்போதும் சாய்கோட்டில் தொடங்கும் முழு முகவரியாக இருக்க வேண்டும்; இல்லையேல் தலைப்பகுதியில் அடிப்படை முகவரியைக் குறிக்க வேண்டும். கூடவே, நிரலும் படங்களும் இருக்கும் அடைவுக்கு மட்டும் இந்த மாற்று ஏற்பாடு பொருந்தாதபடி செய்துவிடுவது நல்லது. அங்கே இல்லாத கோப்பைக் கேட்டால் 404 வருவதுதான் சரி. செயலியின் புதிய பதிப்பை வெளியிடும்போது பழைய நிரல் துண்டுகளை அழித்துவிட்டால், முந்தைய பதிப்பைத் திறந்து வைத்திருப்பவர் அடுத்த பக்கத்தைக் கேட்கும்போதும் இதே கோளாறு வேறு உருவில் வரும்.

அட்டவணைக்கு வருவோம். பொதுவான வடிவத்துக்கு முன்பாகக் குறிப்பான வடிவத்தை ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் ‘/நூல்கள்/புதியவை’ என்ற முகவரியில் ‘புதியவை’ என்பதை ஒரு நூலின் எண்ணாக எடுத்துக்கொண்டு செயலி தேடத் தொடங்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகங்களில், 2010-இல் வந்த பேக்போன் அட்டவணை முறையைப் பரவலாக்கியது; எம்பர் அதை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் முறைக்குக் கொண்டுபோனது; 2014-இல் தொடங்கிய ரியாக்ட் ரவுட்டர் அந்த அடுக்கு முறையை ரியாக்ட் உலகுக்குக் கொண்டுவந்தது. இதைப் பற்றி இந்த நிரல் நூலகங்களின் ஆவணங்களே விரிவாகச் சொல்கின்றன. அவை பெரிதாகப் பேசாதது, முகவரியில் தமிழ் வரும்போது என்ன நடக்கிறது என்பது.

எழுத்துக்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதப்படுகிறது. ‘பொருளாதாரம்’ என்ற சொல்லில், எழுத்தையும் அதனுடன் சேரும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணினால், 11 குறியீடுகள் இருக்கின்றன. ஆக 33 பைட், 99 குறிகள். முகவரிப் பட்டியில் தமிழாகத் தெரியும் இணைப்பைப் படியெடுத்து ஒட்டும்போது நீளமான சதவீதக் கோவையாக மாறுவதைத் தமிழ் விக்கிப்பீடியா வாசகர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உலாவி நம் நிரலுக்குத் தருவதும் அந்தக் கோவையைத்தான். அட்டவணையில் தமிழில் எழுதிவைத்த வடிவத்தோடு ஒப்பிடும் முன் அதைத் திரும்பத் தமிழாக மாற்ற வேண்டும். செய்தி ஒன்றில் பகிரும்போது முகவரி நடுவில் வெட்டுப்பட்டிருந்தால் அந்த மாற்றமே பிழை எழுப்பி நின்றுவிடும். அதைப் பிடித்து ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற திரைக்கு அனுப்பாவிட்டால் மொத்தச் செயலியும் வெறுமையாகிவிடும்.

இதைவிட நுட்பமானது ஒகர வரிசை. ‘பொ’ என்பதில் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரத்தின் ஒற்றைக் கொம்பு, ஆகாரத்தின் கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் அப்படியே. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடு தரத்தின்படியும் சம மதிப்புடையவை. ஆனால் எழுத்துச் சரங்களை நேரடியாக ஒப்பிடும் ரவுட்டருக்கு அவை வேறு வேறு. முகவரியிலும் முதல் வடிவம் 99 குறிகள், இரண்டாவது 108. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது என்பதால், கோப்புப் பெயரிலிருந்து முகவரிகளை உருவாக்கும் தளங்களில் இந்தக் குழப்பம் எளிதில் நுழைந்துவிடும். இணைப்பு சரியாகத் தெரியும், சொடுக்கினால் பக்கம் இல்லை என்று வரும். ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயற்கூறால் இரு பக்கத்தையும் என்எஃப்சி எனப்படும் சேர்த்தெழுதிய வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஒரே வரி வேலை. அதைச் செய்யாதவர்கள் பலர் தமிழ் முகவரியே சரிப்படாது என்று முடிவுகட்டி ஆங்கில எழுத்துக்களுக்குப் போய்விடுகிறார்கள். அது தேவையற்ற இழப்பு.

திரைக்கான தரவு சர்வரிலிருந்து வரச் சற்று நேரமாகும். ஒருவர் முதல் நூலைச் சொடுக்குகிறார். அது வருவதற்குள் மனம் மாறி இரண்டாவதைச் சொடுக்குகிறார். இரண்டாவதன் தரவு விரைவாக வந்து திரையில் அமர்கிறது. பிறகு முதலாவதன் தரவு தாமதமாக வந்து அதை அழித்துத் தான் அமர்கிறது. முகவரி இரண்டாவது நூலையும் திரை முதல் நூலையும் காட்டுகின்றன. புதிய பக்க மாற்றம் தொடங்கியதும் பழைய கோரிக்கையை, உலாவி தரும் அபார்ட்கன்ட்ரோலர் என்ற கருவியைக் கொண்டு ரத்து செய்ய வேண்டும். அல்லது தரவு வந்து சேரும்போது, நாம் கேட்ட முகவரியில்தான் இன்னும் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டு வரைய வேண்டும்.

பின்செல் பொத்தானை அழுத்தும்போது வாசகர் எதிர்பார்ப்பது பழைய பட்டியலை மட்டும் அல்ல, அதில் தாம் நின்ற இடத்தையும்தான். உலாவி அந்த இடத்துக்குத் திரும்ப முயலும். ஆனால் அந்த நொடியில் தரவு வந்திராததால் பக்கம் குட்டையாக இருக்கும், போக இடமிருக்காது. ஸ்க்ரோல்-ரெஸ்டொரேஷன் என்ற அமைப்பை ‘மேனுவல்’ என்று மாற்றிவிட்டு, ஒவ்வொரு வரலாற்றுப் பதிவுக்கும் உரிய நிலையை நாமே குறித்துவைத்து, தரவு வரைந்து முடிந்த பிறகு அங்கே கொண்டுசேர்ப்பதுதான் வழி. முன்னோக்கிப் போகும்போது உச்சி, பின்னோக்கி வரும்போது பழைய இடம்.

கண் பார்வையற்ற வாசகரின் நிலையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானுடன் பட்டியலில் இருக்கிறார். நூலின் பெயர் மீது என்டர் தட்டுகிறார். நம் ரவுட்டர் அந்தப் பட்டியலையே அகற்றிவிட்டு நூலின் விவரங்களை வரைகிறது. விசைப்பலகையின் கவனம் (ஃபோகஸ்) நின்றிருந்த உறுப்பே மறைந்துபோனதால் அது ஆவணத்தின் தொடக்கத்துக்கு விழுகிறது. வாசிப்பான் எதுவும் சொல்வதில்லை. தட்டியது பதிவாயிற்றா, பக்கம் மாறிற்றா, பிழை நேர்ந்ததா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒவ்வொரு பக்க மாற்றத்திலும் ஆவணத் தலைப்பை மாற்றி, புதிய பகுதியின் முதன்மைத் தலைப்புக்குக் கவனத்தை நகர்த்தினால் வாசிப்பான் அதை உடனே படிக்கும். நான்கைந்து வரி நிரல்தான். ‘பிறகு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடப்படும் வேலைகளில் இது இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. இது விடுபட்ட செயலி அவரைப் பொறுத்தவரை வேலை செய்யாத செயலி.

இத்தனையையும் ஒவ்வொருவரும் தனித்தனியே கட்ட வேண்டியிருந்ததால்தான் நேவிகேஷன் இடைமுகம் என்ற புதிய ஏற்பாடு உருவானது. 2022-இல் குரோம் 102 அதை முதலில் தந்தது. இணைப்பைச் சொடுக்கினாலும், பின்செல் அழுத்தினாலும், படிவத்தை அனுப்பினாலும், நிரலே முகவரியை மாற்றினாலும் நேவிகேட் என்ற ஒரே நிகழ்வு எழுகிறது. இன்டர்செப்ட் என்று சொல்லி, திரையை வரையும் செயற்கூறை அதனிடம் ஒப்படைத்தால் முகவரி, வரலாறு, கவனம், உருள் நிலை ஆகியவற்றை உலாவியே மீண்டும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. இடையில் வேறு பக்கத்துக்குப் போனால் முந்தைய வேலையை ரத்து செய்யும் சமிக்ஞையையும் அதுவே தருகிறது.

இன்னொரு பக்கம், முழுப் பக்க ஏற்றமும் பழைய மாதிரி இல்லை. பின்செல்லும்போது பக்கத்தை உறைநிலையிலிருந்து அப்படியே மீட்டுத் தரும் வசதி இன்றைய உலாவிகளில் இருக்கிறது; 2024-இல் வெளிவந்த குரோம் 126 இரண்டு தனி ஆவணங்களுக்கு இடையிலேயே மென்மையான திரை மாற்றத்தை அனுமதிக்கிறது. பக்கம் மாறும்போதும் பாடல் நிற்காமல் ஒலிக்க வேண்டும், உரையாடல் அறுபடாமல் இருக்க வேண்டும், வரைபடம் ஏற்றியபடியே இருக்க வேண்டும் என்றால் ஒற்றைப் பக்கச் செயலிக்கு மாற்று இல்லை. நம் நூலகப் பட்டியலில் அப்படி எதுவும் இல்லை. தேடல், பட்டியல், நூல் விவரம் என்ற மூன்றையும் சாதாரணப் பக்கங்களாகச் சர்வரிலேயே தயாரிப்பேன்; ஒலிநூலைக் கேட்டபடியே மற்ற நூல்களைத் துழாவும் வசதி வேண்டும் என்று நூலகர் கேட்கும் நாளில், அந்தப் பகுதிக்கு மட்டும் ரவுட்டரை எழுதத் தொடங்குவேன்.